எண்ணியின் அளவு: சிக்கனமா, குருட்டுத்தனமா?

கணினி வலையமைப்பைக் கண்காணிப்பதற்கான தரவு வரையறைகளை எழுதுவோரிடையே ஒரு கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. எண்ணிகளை இயன்றவரை சிறியனவாக வைத்தலே சிக்கனம் என்பது அது. 32 பிற்று போதும். நிரம்பினால் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கட்டும். கழித்துப் பார்ப்பவர் சரிசெய்துகொள்வார் என்பர். கேட்பதற்கு இனிய வாதமே, ஆராயின் நில்லாது.

யாழ்ப்பாணத்து வீடொன்றின் ஐந்து இலக்க மின்மானியை நோக்குக. 99999 ஐ அடுத்து அது 00000 காட்டும். சென்ற மாதம் 99950, இம்மாதம் 00040 எனின், செலவு 90 அலகு என்பதை வாசிப்பவர் எளிதில் அறிவார். ஒரு வீடு ஒரு மாதத்தில் இலட்சம் அலகு எரிப்பதில்லை என்ற துணிவே அதற்கு ஆதாரம். அதே மானியை, முன்னர் காங்கேசன்துறையில் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை போன்ற ஒன்றுக்குப் பூட்டியிருந்தால் நிலைமை என்ன? மாதத்திற்குள் அது பன்முறை சுற்றிவந்திருக்கும். எத்தனை முறை என்பதை எக்கணிதத்தாலும் மீட்க இயலாது.

வலையமைப்பிலும் நிகழ்வது இதுவே. 32 பிற்று எண்ணி 4,294,967,295 வரை செல்லும் வீச்சுடையது. கடந்துசெல்லும் பைற்றுகளை அது எண்ணுமாயின், செக்கனுக்கு 10 மெகாபிற்று செல்லும் நிறைந்த இணைப்பில் 57 நிமிடத்தில் ஒருமுறை சுற்றும். 100 மெகாபிற்றில் ஆறு நிமிடத்துக்குள். ஒரு கிகாபிற்றில் 34 செக்கனில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்கும் நிருவாகி எட்டுச் சுற்றுகளை இழப்பார். இழந்ததற்கு அடையாளமும் எஞ்சாது. நிரம்பி வழியும் இணைப்பு ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி, இணைப்பைப் பெருக்குமாறு கேட்கும் பல்கலைக்கழகத்துக்குத் தேவையில்லை என்று விடைகூறவும் கூடும்.

64 பிற்று எண்ணிக்கு 1993 இலேயே வழி திறக்கப்பட்டது. ஆயினும் நியம வரையறைகளில், 32 பிற்று எண்ணி ஒரு மணித்தியாலத்துக்குள் சுற்றுமாயின் மட்டுமே அதனைக் கையாளலாம் என 1999 இன் விதி கட்டுப்படுத்தியது. இவ்விதியின் குறை, எழுதுபவர் தம் காலத்து வேகத்தையே அளவுகோலாகக் கொள்ளுமாறு தூண்டுவதாகும். வெளியிட்ட வரையறையின் வகையைப் பின்னர் மாற்ற முடியாது. புதிய பெயரில் இன்னொன்றைச் சேர்க்கவே முடியும். ஒரே பொருளுக்கு இடைமுக வரையறையில் பழைய எண்ணியும் அகன்ற எண்ணியும் அருகருகே நிற்பது இதனாலேயே.

இலங்கையர் இதனைத் தம் சட்டைப்பையிலேயே காணலாம். தேசிய அடையாள அட்டை எண்ணில் பிறந்த ஆண்டுக்கு ஈரிலக்கம் போதுமெனக் கருதப்பட்டது. 2000 இல் பிறந்தோர் அட்டை பெறும் பருவம் எய்தியபோது அது போதவில்லை. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த எண், 2016 இல் பன்னிரண்டு இலக்கமாயிற்று. பழையதும் புதியதும் ஒருங்கே வழங்குகின்றன. இரண்டையும் ஏற்கும் சுமை பதிவேடுகள் அனைத்தின்மீதும் விழுந்தது.

நான்கு பைற்று மிச்சம் பிடித்தவர் வேறு, அதன் விலையைச் செலுத்துபவர் வேறு. 64 பிற்று எண்ணியோ ஒரு கிகாபிற்று வேகத்தில் 4,600 ஆண்டுகளுக்கு மேலும் சுற்றாது. சிறு கருவிகளுக்கு அது சுமை என்பார் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஒரு பெட்டியில் எத்தனை இணைப்புத்துளைகள் உள்ளன என்று சொல்ல 32 பிற்றே மிகை. இடையறாது வளரும் எண்ணிக்கைகளுக்கு அச்சலுகையைக் கேட்பதே தவறு.