காது கிடைச்சாச்சு... பேச்சு?

காக்ளியர் இம்ப்ளாண்ட் விஷயத்துல எங்க கடலூர்ப் பக்கம் ரெண்டு கட்சி இருக்கு மக்களே. "எங்க சின்ன மாமா கூட அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு, தானா பேசும்"ங்கிறது முதல் கட்சி. "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் ஏன் பேசல?"ங்கிறது ரெண்டாவது. ரெண்டுமே பிள்ளையோட வாழ்க்கையில விளையாடுற கட்சிங்கதான்.

முதல் கட்சிக்கு: மொழியைப் பிடிச்சுக்கிற வேகம் மூளைக்கு முதல் சில வருஷத்துலதான் அதிகம். 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துலயும் இந்த ஆபரேஷன் ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்குத்தான். மாமா கதை பேசிக்கிட்டிருந்தா பஸ் போயிடும்.

ரெண்டாவது கட்சிக்குத்தான் நிறையச் சொல்லணும். ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் கழிச்சுதான் வெளிக்கருவியை ஆன் பண்ணுவாங்க. அன்னைக்குத்தான் பிள்ளையோட 'கேட்கிற வயசு' ஆரம்பிக்குது. நல்லா காது கேட்கிற குழந்தையே ஒரு வருஷம் போலக் கேட்ட பிறகுதான் முதல் வார்த்தை பேசுது. மூணு வயசுல ஆன் பண்ணின பிள்ளையை நாலு வயசுல பக்கத்து வீட்டுப் பையனோட ஒப்பிட்டா எப்படி?

அதுலயும் நம்ம தமிழைப் பாருங்க. எழுத்துல வந்தான், வந்தாள். பேச்சுலயோ ரெண்டும் கிட்டத்தட்ட 'வந்தா'தான். ஆணுக்கு மட்டும் கடைசியில லேசா மூக்கால ஒரு இழுப்பு. உள்காதுல ஆயிரக்கணக்கான நுண்மயிர் செல்கள் செய்யிற வேலையை அதிகபட்சம் இருபது சொச்சம் எலக்ட்ரோடு வச்சுச் சமாளிக்கிற பிள்ளை, இந்த வித்தியாசத்தை ஆயிரம் தடவை கேட்டாத்தான் பிடிக்கும். சிதம்பர ரகசியம் எல்லாம் ஒண்ணுமில்ல: டிவியை அணைச்சுட்டு, பக்கத்துல உட்கார்ந்து, இட்லி ஊத்துறதுல இருந்து கொலுசு மாட்டுறது வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும். சென்னையில 1969-ல இருந்து நடக்கிற பாலவித்யாலயாவுல பிள்ளையோட அம்மாவும் உட்கார்ந்து கத்துக்கணும்னு வச்சிருக்கிறது சும்மா இல்ல.

ஆனா எல்லாத்தையும் அம்மா தலையிலயே கட்டிட்டுப் போறதும் அநியாயம். காட்டுமன்னார்கோயில் பக்கம் நாத்து நடப் போற அம்மா, தெரபிக்கும் மேப்பிங்குக்கும் பட்டணத்துக்கு அலைஞ்சா பஸ் காசோட அன்னைய கூலியும் போச்சு. நடுவுல ஒரு ஒயர் அறுந்தா, புதுசு வர்ற வரைக்கும் பிள்ளைக்குத் திரும்பவும் நிசப்தம். ரெண்டு மாசம் விட்டுப்போச்சுன்னா அப்புறம் போறதே நின்னுடும். அதுக்கப்புறம் "மிஷின் சரியில்ல"ன்னு பேச்சு வேற!

சிதம்பரத்துல ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியா இருந்தது 2021-ல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. வாராவாரம் பயிற்சி புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் எட்டுற தூரத்துல கிடைக்கணும். அங்கன்வாடி டீச்சருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கணும். லட்சக்கணக்குல செலவழிச்சுக் கருவி வைக்கிற அரசாங்கம், ஒயருக்கும் பஸ் காசுக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது.

இனிமே எத்தனை ஆபரேஷன் நடந்துச்சுன்னு மட்டும் எண்ணாதீங்க சாமிகளா. அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை பிள்ளைங்க அம்மாகிட்ட சண்டை போடுதுன்னு எண்ணுங்க :-)

டிஸ்கி: இம்ப்ளாண்ட் எல்லாருக்கும் பொருந்தாது. சைகை மொழியும் முழு மொழிதான். அதுக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.