புலியை எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும்

"நாட்டில் இத்தனை புலிகள்" என்றதும் கைதட்டுகிறவர்களே, பிழை எல்லை எவ்வளவு என்று கேட்டதுண்டா?

2001-02இல் காலடித்தடத்தை வைத்து 3,642 என்றார்கள். 2005இல் சரிஸ்காவில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்தது. தானியங்கிக் கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த 2006 மதிப்பீடு 1,411. செத்தது எத்தனை, முதலிலேயே இல்லாதது எத்தனை? சொல்ல ஆளில்லை.

இதொன்றும் கம்பசூத்திரமில்லை. திண்ணனூர் நாட்டு வகுப்பறையில் ஒரு கிண்ணம் மொச்சை போதும். 50 எடுத்து மைவைத்துக் கலக்குங்கள். மறுபடி 40 அள்ளுங்கள். அதில் 10 மைபட்டவையா? மொத்தம் சுமார் 200. இன்னொருமுறை அள்ளினால் வேறு எண் வரும். அந்த வித்தியாசம்தான் பாடமே! சூத்திரத்தை மட்டும் உருப்போட வைப்பது கல்வியல்ல.

2022 மதிப்பீட்டின் சராசரி 3,682. மேல் எல்லை 3,925. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிறவர், முதலில் மொச்சை எண்ணிப் பழகட்டும்.