டாக்டருக்கு ஐந்து வெள்ளி, வழிக்கு எண்பது வெள்ளி



சில மாதங்களுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். வயது 57. பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய லயத்தில் குடியிருப்பவர். வந்தது வீட்டுப் பிரச்சினைக்காக. நிர்வாகம் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தைத் தேடி அவர் பையை என் மேசையில் கொட்டியபோது மூன்று கிளினிக் அட்டைகள் விழுந்தன. கண்ணுக்கு ஒன்று, கால் புண்ணுக்கு ஒன்று, இனிப்புநீருக்கு ஒன்று. பாதித் தேதிகளுக்கு நேரே முத்திரை இல்லை.

"ஏம்மா போகலை?" என்று கேட்டேன்.

"டாக்டர் கேக்குறது அஞ்சு வெள்ளிதான் தம்பி. கார்க்காரன் போக வர எண்பது கேக்குறானே" என்றார்.

இடது காலில் இரண்டு விரல்களை ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. வீட்டு வழக்கை அப்புறம் பார்த்தோம். அன்று நாங்கள் அதிக நேரம் பேசியது அந்த எண்பது வெள்ளியைப் பற்றித்தான்.

இந்த நாட்டில் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. உலகில் பல நாடுகளில் இது கிடையாது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து வெள்ளிக் கதவு வரைக்கும் போய்ச் சேருவது யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்குத்தான் எந்த இலாகாவும் பதில் சொல்வதில்லை. சுகாதார அமைச்சைக் கேட்டால் அது போக்குவரத்து என்பார்கள். போக்குவரத்து அமைச்சைக் கேட்டால் பயணிகள் குறைவு, அந்தப் பாதையில் பஸ் கட்டுப்படியாகாது என்பார்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரஸர் இருந்தார். வெள்ளைக்காரன் அன்பினால் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை. நல்ல மருத்துவம் என்றும் சொல்ல முடியாது. என் பாட்டி அந்த டிரஸரின் கசப்பு மருந்தைச் சாகும்வரை திட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. நோய் முற்றினால் தோட்டத்து லாரி டவுனுக்கு ஏற்றிப் போனது.

இன்றும் சட்டம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்பு பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம். அதன் நீண்ட தலைப்பிலேயே சுகாதார, மருத்துவமனை, மருத்துவ வசதிகளை முதலாளி தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஓட்டை எங்கே தெரியுமா? சட்டம் பேசுவது வேலையில் இருக்கும் தொழிலாளியையும் அவரைச் சார்ந்தவர்களையும் பற்றி. முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்று, அதே லயத்தில் இருக்கும் நம் அம்மாவை நிர்வாகம் இன்று "குடியிருப்பவர்" என்றுதான் எழுதுகிறது. தொழிலாளி இல்லை என்று ஆகிவிட்டால் லாரியும் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவுவிலை வீட்டுக்குப் போனவர்கள் தப்பித்தார்களா? எனக்குத் தெரிந்த ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன் டவுனுக்கு வெளியே ஒரு பிளாட்டில் நான்காம் மாடியில் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சுத்திகரிப்புச் செலவை சொக்சோ ஏற்கிறது, நல்லது. கிராப்புக்கு யார் கொடுப்பது? ஒரு தடவைக்குப் போக வர நாற்பது வெள்ளி என்றால், மாதம் பதின்மூன்று தடவைக்கு 520 வெள்ளி. வருடத்துக்கு 156 தடவை, 6,240 வெள்ளி. காசு இல்லாத வாரத்தில் மகன் மோட்டாரில் ஏற்றிப் போகிறான். சுத்திகரிப்பு முடிந்து தலை சுற்றும் மனிதரை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்து, இடுப்போடு துணியால் கட்டிக்கொண்டு வருகிறான். அன்று அவனுக்குச் சம்பளமில்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. நோயாளிக்கு மருத்துவ விடுப்பு கொடுக்கும் வேலைச் சட்டம், நோயாளியைத் தூக்கிப் போகிற பிள்ளைக்கு விடுப்பு கொடுப்பதில்லை.

"நம்மவர்கள்தான் பொறுப்பில்லாதவர்கள், சீனியைக் குறைக்க மாட்டார்கள், தேதிக்குப் போக மாட்டார்கள்." இப்படிப் பேசுவது அதிகாரிகள் மட்டுமல்ல, நாமும்தான். உண்மையைச் சொன்னால் நானும் என் அப்பாவை அப்படித் திட்டியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. சாப்பாடு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இது காலமெல்லாம் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டிய நோய். போக வண்டி இல்லாத சமூகத்தில்தான் அது காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் எடுக்கிறது. அந்த அம்மாவின் அட்டையில் முத்திரை இல்லாத ஒவ்வொரு தேதியையும் மருத்துவமனைக் கணக்கில் "வரத் தவறியவர்" என்றுதான் பதிவார்கள். பஸ் வரத் தவறியதை எந்த அட்டையில் பதிவார்கள்?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். 2019இல் வந்த பெக்கா பி40 திட்டத்தில் போக்குவரத்து உதவி இருக்கிறது. உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை, சபா சரவாக்கில் 1,000 வெள்ளி வரை. ஆனால் அது புற்றுநோய் சிகிச்சைக்கும், இதய ஸ்டென்ட், கண் லென்ஸ் போன்ற உபகரணம் பொருத்துவதற்கும்தான். கால் புண்ணுக்குக் கட்டுப் போடப் போகிறவருக்கு இல்லை. டயாலிசிஸ் அண்ணனுக்கும் இல்லை. கொடுத்தாலும் ஒரு மாதம் தாங்காது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதம் 50 வெள்ளிக்கு பாஸ் வாங்கினால் ரேபிட் ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். அண்மை ஆண்டுகளில் அங்கே கைப்பேசியில் கூப்பிட்டால் வேன் கூட வருகிறது. அதே வரிப்பணத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று கேட்பது பிச்சை அல்ல. இதை நமக்காக மட்டும் கேட்கவில்லை. ஓராங் அஸ்லி கிராமத்துக்கும், உள்பகுதி மலாய்க் கம்பத்துக்கும் இதே கதைதான்.

சட்டத்தில் பிடி இருக்கிறதா என்று கேட்பீர்கள். அரசியலமைப்பில் சுகாதார உரிமை என்று தனி வரி கிடையாது. 5ஆம் விதியில் உள்ள "உயிர்" என்ற சொல் வெறும் மூச்சு அல்ல, வாழ்க்கையின் தரத்தையும் சேர்த்ததுதான் என்று 1996இல் தான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கு மேலும் ஒன்று: பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது, அதன் 14ஆம் விதி கிராமப்புறப் பெண்களுக்குப் போதிய மருத்துவ வசதி எட்ட வேண்டும் என்கிறது. 2010இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளர் ஒப்பந்தத்தின் 25ஆம் விதி, சேவையை மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் கொண்டு வரச் சொல்கிறது. நீதிமன்றத்தில் இவற்றை வைத்து நாளைக்கே ஜெயிக்கலாம் என்று பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் மகஜரில் எழுதினால், கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று அமைச்சரிடமே கேட்கலாம்.

என்ன கேட்பது? போக்குவரத்து உதவி டயாலிசிசுக்கும் கால் புண்ணுக்கும் பக்கவாதப் பயிற்சிக்கும் வர வேண்டும், மாதாமாதம் வர வேண்டும். காலை ஏழரைக்குப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு மதியம் வரை மரத்தடியில் நிற்கும் பள்ளி வேன்களைப் பாருங்கள். அவற்றுக்கு அனுமதியும் காப்புறுதியும் கொடுத்து நோயாளிகளை ஏற்ற விட்டால் என்ன? இப்போது பக்கத்து வீட்டுக்காரர் காசு வாங்கி ஏற்றிப் போனால் அது 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனமும் கையை விரிக்கும். எண்பது வெள்ளி வாங்கும் அந்தக் கார்க்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, பயம்தான்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். தொடர்ந்து எடுக்கும் மருந்தைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மருந்தகத்தில் "எஸ்.பி.யு.பி." என்று கேளுங்கள், பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள். தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு, தபால் செலவு நம்முடையது. வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொன்னதே இல்லை.

அப்புறம், உங்கள் கிளினிக் அட்டையை எடுத்து, போகாத தேதிக்குப் பக்கத்தில் ஏன் போகவில்லை என்று பென்சிலால் எழுதி வையுங்கள். "பஸ் இல்லை." "காசு இல்லை." "மகனுக்கு லீவு இல்லை." போன தேதிக்கு எவ்வளவு செலவானது என்றும் எழுதுங்கள். பத்து குடும்பம் சேர்ந்தால் அந்த அட்டைகளின் நகலோடு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகலாம். மகஜரை நான் எழுதித் தருகிறேன். முதல் அட்டை என் கோப்பில் ஏற்கனவே இருக்கிறது.