காருக்கு மூன்று வாளி போதும்!

கார் வைத்திருப்பவர்கள் அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்கு எவ்வளவு தண்ணீர் செலவழிப்பது? அதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவுகிறவர்களைப் பல தெருக்களில் காணலாம். துடைக்கும்போதும் குழாயை மூடுவது இல்லை. பேசும்போதும் மூடுவது இல்லை!

கணக்குப் பாருங்கள். குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் 300 லிட்டர் போய்விடும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால், அது 20 குடம்!

ஒரு குடும்பம் இரண்டு நாள் குடித்து, சமைத்து, பாத்திரம் கழுவுவதற்கு அது போதாதா?

மறந்துவிட்டோமா?

2019-ம் ஆண்டு கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. பெண்கள் குடத்துடன் லாரிக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூருக்கும் அந்தக் கதி வந்தது. குடிதண்ணீரில் கார் கழுவினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அங்கே குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது.

அபராதம் போட்டால்தான் நமக்குப் புத்தி வர வேண்டுமா?

மூன்று வாளி முறை

"தண்ணீரைக் குறைத்தால் அழுக்கு போகுமா?" என்று கேட்கலாம். நன்றாகப் போகும்!

முதல் வாளியில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். இரண்டாவது வாளியில், துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மூன்றாவது வாளி, முதலில் தூசியை நனைக்கவும், கடைசியில் மேலே ஊற்றவும். மொத்தம் 45 லிட்டர். மூன்றே குடம்!

காரை நிழலில் நிறுத்துங்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி வையுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை அலசுங்கள். இல்லாவிட்டால் துணியில் ஒட்டிய மண், உப்புத்தாள் போலப் பெயிண்டைத் தேய்த்துவிடும்.

தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும். துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். அது பளபளப்பைப் போக்கிவிடும்.

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு இருக்கும். அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். அதனால் ஈரம் காய்வதற்குள் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஏ.சி. எந்திரத்தில் இருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு ஊற்றலாம்.

பாலிஷ் எதற்கு?

பாலிஷ் போடும்போது மேல் பூச்சு கொஞ்சம் தேய்கிறது. அதனால்தான் கீறல் மறைகிறது. அடிக்கடி போட்டால் பூச்சு மெலிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை போதும்.

மெழுகு வேறு. அது பெயிண்டுக்குக் குடை போன்றது. மெழுகு பூசிய காரில் தூசி அதிகம் ஒட்டாது. அடுத்த முறை கழுவுவது சுலபம். தண்ணீரும் மிச்சம்!

சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கழுவுகிறவர்களும் உண்டு. அவர் கையில் குழாயைக் கொடுத்துவிட்டு, "தண்ணீரை வீணாக்குகிறான்" என்று திட்டுவது நியாயம் அல்ல. மூன்று வாளியையும் நல்ல துணியையும் கொடுங்கள். வேலை கூடினால் கூலியையும் கூட்டிக் கொடுங்கள்.

கார் உங்களுடையது. அதை வாங்கிய பணமும் உங்களுடையது. ஆனால் பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அதுதான் ஊற்று!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாயை மூடுங்கள். வாளியை எடுங்கள்!