மூடி எங்கே பாஸ்?

மேல படிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஹாஸ்டல் பாத்ரூம் ஜன்னலை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வாங்க. பல்லால கிழிச்ச ஷாம்பூ பாக்கெட் ஒண்ணு, பாதி பிழிஞ்ச நிலையில வாயைப் பிளந்துக்கிட்டு படுத்திருக்கும். மீதியை நாளைக்கு வெச்சுக்கலாம்னு நினைச்ச புண்ணியவான் இந்நேரம் அதை மறந்தே போயிருப்பார். இந்த வாரம் நம்ம ஹீரோ அந்த பாக்கெட்தான்.

டிசைன்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு பைக், ட்ரோன், ரோபோதான் கண்ணுல தெரியும். ஆனா எண்ணெயையோ க்ரீமையோ ஒரு பையில அடைச்சு, கையால அமுக்கினா வேணுங்கிற அளவு மட்டும் வந்து, விட்டா நிக்கிற மாதிரி, அதையும் சில்லறைக் காசுல செய்யச் சொல்லுங்க பார்ப்போம். பை பண்றது ஈஸி மக்களே. அதோட வாய்தான் வில்லங்கம்!

இதுல நான் பார்த்ததிலேயே சூப்பர் டிசைன், மருதாணி கோன். பண்டிகை சீசன்ல கிராஸ்கட் ரோடு பக்கம் போனா, ஓரமா ஸ்டூல் போட்டு மெஹந்தி போடுற அக்காக்களோட கையைக் கவனிங்க. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கூம்பா சுருட்டி டேப் ஒட்டினா பை ரெடி. வால்வு கிடையாது, மூடி கிடையாது. ஆனாலும் அமுக்கினா வருது, விட்டா நிக்குது. எப்படி?

ரகசியம் பையில பாதி, உள்ள இருக்கிற விழுதுல பாதி. பற்பசை, மருதாணி மாதிரி சமாச்சாரங்கள் ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தம் விழுற வரைக்கும் அசையவே அசையாது. அந்த எல்லையைத் தாண்டினாதான் ஓட ஆரம்பிக்கும். கையை எடுத்தா மறுபடி கல்லு மாதிரி உட்கார்ந்துக்கும். அதனால விழுதே தனக்கு மூடி. எண்ணெய்க்கு இந்தக் குணம் கிடையாது. அங்க ஓட்டையோட சைஸ்தான் ராஜா. விட்டம் பாதியானா, அதே அழுத்தத்துக்கு வர்ற எண்ணெய் 16-ல ஒரு பங்குதான். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நாம மனப்பாடம் பண்ணி மறந்த அதே ஃபார்முலா!) இன்னொரு லாபம்: பிழியப் பிழிய பையும் சுருங்கிக்கிட்டே வர்றதால உள்ளே காத்து அவ்வளவா போறதில்ல. மருதாணி சீக்கிரம் கெடாம இருக்கு.

வேலை முடிஞ்சதும் அக்கா என்ன பண்றாங்க? கோன் நுனியில ஒரு குண்டூசியைச் சொருகி வெச்சுடறாங்க. அவ்வளவுதான். இதுக்கு ஒரு பழைய சொந்தக்காரர் உண்டு. ஐரோப்பாவில ஓவியர்கள் ஒரு காலத்துல எண்ணெய் வண்ணத்தைப் பன்றியோட சிறுநீர்ப்பையில கட்டி வெச்சிருந்தாங்க. ஒரு சின்ன ஆணியால குத்தி வண்ணத்தைப் பிழிஞ்சுட்டு, அதே ஆணியால ஓட்டையை அடைப்பாங்க. இந்தக் கஷ்டம் பொறுக்காமத்தான் ஜான் காஃப் ராண்ட்ங்கிற அமெரிக்க ஓவியர் 1841-ல தகரத்துல நசுக்குற டியூபுக்கு பேடன்ட் வாங்கினார். இன்னிக்கு நாம பிதுக்குற பேஸ்ட் டியூப் அதோட வாரிசு.

சரி, டியூப் வந்தாச்சே, அப்புறம் என்ன பிரச்னை? காசுதான் பிரச்னை. டியூபுக்கு கழுத்து வேணும், மரை வேணும், மூடி வேணும். உள்ள இருக்கிற சரக்கை விட வெளியில இருக்கிறது விலை ஏறிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது நம்ம தமிழ்நாட்டு ஊர்தான். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரங்க வாங்குறதை தினக்கூலி வாங்குறவரும் வாங்கணும்னு பொருட்களைச் சின்னச் சின்ன பாக்கெட்ல போட்டவர். அவருக்கப்புறம் குடும்பத்தோட வெல்வெட் ஷாம்பூ பாக்கெட் பட்டிதொட்டி எல்லாம் போச்சு. மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட தனியா வந்து, அப்பா பேரோட எழுத்துக்களை வெச்சே 'சிக்' ஷாம்பூ ஆரம்பிச்சார். பின்னால அது கெவின்கேர் ஆச்சு. அவங்க கண்டுபிடிச்ச விடை ரொம்ப சிம்பிள். மூடியே வேண்டாம், ஒரு தடவைக்கு மட்டும் ஊத்து!

மெஷினுக்கும் அது வசதி. பேக்கிங் மெஷின்ல ஃபிலிம் ரோல் குழாயா மடங்கும், பின்பக்கம் ஒட்டும், அடி ஒட்டும், சரக்கு விழும், மேல ஒட்டும், வெட்டும். நடுவுல குண்டூசி சொருக அங்க அக்கா யாரும் இல்லையே!

ஒருமுறை பாக்கெட்டைச் சும்மா திட்டிட்டுப் போக எனக்கு மனசு வரலை. அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழக இன்ஜினீயர்கள் 'பிராட் பவுச்'னு ஒண்ணு பண்ணினாங்க. பார்க்க கெச்சப் பாக்கெட் மாதிரி இருக்கும். உள்ளே, தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவாம தடுக்குற மருந்து, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு. வீட்டுல பிரசவம் ஆனாலும் தாய் கிழிச்சு குழந்தை வாயில பிழிஞ்சுடலாம். அளவு தப்பினா உயிர் போற இடத்துல ஒருமுறை பாக்கெட்தான் சரியான டிசைன். ஷாம்பூவுக்கு அந்த நியாயம் செல்லுமா?

ஏன் கேக்கறேன்னா, அந்தப் பளபள பாக்கெட் ஒரே பிளாஸ்டிக் இல்லீங்க. பிரின்ட்டுக்கும் பலத்துக்கும் ஒரு லேயர், காத்து, ஈரம் போகாம இருக்க உலோகப் பூச்சு, சூட்டுல ஒட்டிக்க உள்ளே பாலித்தீன். எல்லாம் ஒண்ணா ஒட்டினப்புறம் பிரிக்கிறது பெரும்பாடு. பழைய இரும்புக்காரர் ஆவின் பால் கவரை எடுத்துக்குவார், ஏன்னா அது முழுக்க பாலித்தீன். ஷாம்பூ பாக்கெட்டை நீட்டினா நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அது வெள்ளலூர் குப்பைக் கிடங்கு மாதிரி இடத்துக்குத்தான் போகும். 2016-ல வந்த மத்திய அரசு விதி, மறுசுழற்சி பண்ண முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை 2 வருஷத்துல நிறுத்தணும்னு சொல்லுச்சு. 2018 திருத்தத்துல, எரிச்சு சக்தி எடுக்க முடிஞ்சாலும் போதும், தப்பிச்சுக்கலாம்னு ஆகிடுச்சு. சட்டத்துலயும் வாய்தான் ஓட்டை!

அப்போ ஒரே பிளாஸ்டிக்ல, மூடி இல்லாம, ஆனா மூடிக்கிற வாய் வேணும். நடக்குமா? ஜப்பான்ல யமாசா கம்பெனி 2009-ல சோயா சாஸுக்கு ஒரு பை கொண்டு வந்துச்சு. அதோட மூக்கு ரெண்டு மெல்லிய ஃபிலிம் ஒட்டின தட்டையான பாதை. சாய்ச்சா சாஸ் வரும். நிமிர்த்தினா நடுவுல மிச்சமிருக்கிற ஈரமே ரெண்டு ஃபிலிமையும் ஒட்ட வெச்சுடும், காத்து உள்ளே போகாது. ஈரக் கண்ணாடி ரெண்டு ஒட்டிக்குமே, அதே கதை. பொட்டிக்கடை விலைக்கு அதைக் கொண்டு வர்றதுதான் பாக்கி.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையிற கோவை, ஈரோடு, பெருந்துறை மக்களே, லேப் கூட வேண்டாம். கழுவிக் காய வெச்ச பால் கவர், ஹாக்ஸா பிளேடு, மெழுகுவத்தி போதும். நம்ம முறுக்கு பாக்கெட் அண்ணாச்சி டெக்னிக்ல ஓரத்தை ஒட்டி, விரல் அகலத்துல ஒரு நீள மூக்கு வைங்க. அகலத்தை மாத்தி மாத்தி நாலஞ்சு செய்யுங்க. ஒண்ணுல தேங்காயெண்ணெய், ஒண்ணுல ஷாம்பூ. சோப்பு நுரை கையோட உங்க பாட்டியால திறக்க முடியுதா, தலைகீழாத் தொங்கவிட்டா சொட்டாம எவ்வளவு நேரம் நிக்குதுன்னு குறிச்சு வைங்க. எந்த அகலம் ஜெயிச்சதுன்னு நமக்கு எழுதிப் போடுங்க, அடுத்த வாரம் இதே பக்கத்துல போட்டுடலாம்.