கோபமா, ஆபத்தா?

"கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்" என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்வோம். சிடுசிடுவென்று விழுந்துவிட்டு, மறு நிமிஷமே "காபி இருக்கா?" என்று கேட்கிறவருக்கு அது பொருந்தலாம். கை நீட்டுகிறவருக்கும் இதே சமாதானம்தானா, சகோதரிகளே?

யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் மேலதிகாரி திட்டினால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர், வீட்டுக்கு வந்ததும் தட்டை வீசுகிறார். அடக்க முடியாத கோபம் என்றால், அங்கே மட்டும் எப்படி அடங்கிற்று?

அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற நர்ஸ், அடிபடும் மனைவியின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க, 1980-களில் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். அதோடு ஒரு காலண்டரும் உண்டு. போன ஒரு வருஷத்தில் அடி விழுந்த நாட்களை அந்தப் பெண்ணே அதில் குறிக்கவேண்டும். "முன்னே மாதிரிதான், அதிகமாகலை" என்று சொன்னவர்களில் பலர், குறித்து முடித்ததும் பதிலை மாற்றிக்கொண்டார்களாம். நாம்தான் ஒவ்வொன்றையும் மறந்து மறந்து குடித்தனம் நடத்துகிறோமே!

கேள்விகளில் சில: கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாரா? ஆயுதத்தைக் காட்டினாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? எங்கே போவது, யாரோடு பேசுவது எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டமா? கழுத்தை நெரித்தாரா?

கடைசிக் கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். அடிபடும் பெண்களிலேயே, கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் பின்னால் அதே கையால் கொல்லப்படும் அபாயம் சுமார் ஏழு மடங்கு என்று 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே பாதிப்பு இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

அதற்காக, சண்டை நடுவில் "இதோ போகிறேன்" என்று சவால் விட்டுக் கிளம்புவதும் சரியல்ல. பிரிகிற சமயத்தில் ஆபத்து கூடும். எங்கே போவது, யார் துணை, குழந்தைகள் எப்படி என்று சத்தமில்லாமல் ஏற்பாடு செய்துகொண்டே புறப்படவேண்டும். குறித்து வைத்த காலண்டரும் அவர் கண்ணில் படக்கூடாது.

பெண்ணோ, தங்கையோ, பக்கத்து வீட்டுக்காரியோ கண் கலங்கி வந்து நின்றால், "அனுசரிச்சுப் போம்மா" என்று ஆரம்பிக்காதீர்கள். உட்கார வைத்து, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் தனியே திருப்பி அனுப்பாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் பேசலாம். போனை நீங்களே போட்டுக் கொடுங்கள்.