கல்விக் கட்டணம் யார் கணக்கில்? ஆந்திரத்தில் தீராத விவாதம்

திருப்பதி: திருமலை நடைபாதை தொடங்கும் அலிபிரியின் அடிவாரத்தில் விரிந்துள்ள திருப்பதி, 1954-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் அமைந்தது முதல் கல்வி நகரமாகவும் விளங்குகிறது. ஆந்திரத்தில் தனியார் கல்லூரிகளில் சேரும் ஏழை மாணவர்கள், அரசு திருப்பிச் செலுத்தும் கட்டணத்தையே நம்பியுள்ளனர்.

அத்தொகையை யாருக்கு வழங்குவது என்பதே விவாதம். முந்தைய ஜெகன்மோகன் ரெட்டி அரசு, 'வித்யா தீவெனா' திட்டத்தின் கீழ் தாய்மார்களின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. கட்டணம் கட்டும் தாய் கல்லூரியைத் தட்டிக் கேட்பார் என்பது அதன் வாதம். 2024-இல் பொறுப்பேற்ற சந்திரபாபு நாயுடு அரசு, மீண்டும் கல்லூரிகளுக்கே நேரடியாக வழங்க முடிவு செய்தது.

இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் தவணை தாமதமானால், எம்முறையாயினும் சுமை மாணவர் மீதே விழுகிறது. நிலுவையைக் காட்டிச் சான்றிதழை நிறுத்திவைப்பதாக இரு ஆட்சிகளிலும் புகார்கள் எழுந்தன. சான்றிதழ் கைக்கு வராதவர் வேலைக்கும் செல்ல இயலாது, மேற்படிப்பிலும் சேர இயலாது.

தமிழகத்தின் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்கிற்கே செல்கிறது. அது கட்டணமன்று, உதவித்தொகை. எனவே தாமதமானாலும் சான்றிதழ் சிக்காது. சேர்க்கையின்போது பெறும் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்தது. அரசின் நிலுவைக்காகப் பட்டச் சான்றிதழை முடக்குவதற்கும் அதே தடையை ஆந்திர அரசு விதிக்கலாம். அதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.